கலைச்சொல் தேவை: அக்குளில் தங்கிய கூடுதல் மார்பகத் திசுவை எடுக்கும் அறுவைக்கு

மடல் 1 – மொழிபெயர்ப்பாளர்

வணக்கம். நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவம் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஆக்சிலரி ஆக்சசரி பிரெஸ்ட் எக்சிஷன்' என்ற தலைப்புக்கு "அக்குள் துணை மார்பக நீக்கம்" என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே நிறைவில்லை. என்ன போடலாம்?

மடல் 2 – அறுவை மருத்துவர்

"மார்பக நீக்கம்" வேண்டவே வேண்டாம். புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுப்பதற்கு வழங்கும் சொல் அது. அக்குளில் வீக்கம் என்று வந்த பெண், கையெழுத்திடும் இடத்தில் அதைப் படித்தால் மார்பே போய்விடும் என்று நினைப்பார். அவர் நினைப்பதில் பிழை இல்லை, சொல் அப்படித்தான் சொல்கிறது.

பொருள் இதுதான். கரு ஏறத்தாழ ஆறு வாரமாக இருக்கையில் அக்குளிலிருந்து கவட்டை வரை இரு பக்கமும் தோல் வரப்புப் போலத் தடிக்கும். இதைப் பால்வரி என்போம். மார்பில் இருக்கும் பகுதி நிலைக்க, மீதி கரைந்துவிடும். கரையாமல் தங்கிய மிச்சம்தான் இது. அதிகம் தங்கும் இடம் அக்குள். கஜாவா என்ற ஆய்வாளர் 1915இல் இதை எட்டு வகையாகப் பிரித்தார். காம்பு, கருவட்டம், சுரப்பி மூன்றும் உள்ளது முதல் வகை. வெறும் மயிர்த்திட்டு எட்டாவது. அக்குளில் பெரும்பாலும் காண்பது சுரப்பித் திசு மட்டுமே உள்ள நான்காம் வகை. மாதவிடாய்க்கு முன் வலிக்கும், பால் இறங்கும் நாட்களில் கல்லாக வீங்கும். கொழுப்புக் கட்டி என்றும் நெறிக்கட்டு என்றும் தவறாக நினைப்பது இதனால்தான்.

இன்னொன்று: மார்பகத்தோடு தொடர்ந்து அக்குளுக்குள் நீளும் 'ஸ்பென்ஸ் வால்' இயல்பான உறுப்பின் பகுதி. அதையும் இந்தச் சொல்லுக்குள் இழுத்துவிடக் கூடாது.

மடல் 3 – தமிழாசிரியர்

துணை என்றால் உதவுவது. இத்திசு எதற்கும் உதவவில்லை. ஆகவே அச்சொல் பொருந்தாது. மிகை என்பதே சரி. முலை என்ற சொல்லுக்கு நாம் ஏன் கூச வேண்டும்? "உண்டஎன் முலைஅறுத் திடுவென் யான்" என்று புறநானூறு (278) ஒரு தாயின் வாயிலேயே அதை வைக்கிறது. தடாதகைப் பிராட்டி (மதுரை மீனாட்சி) மும்முலையோடு தோன்றியதைத் திருவிளையாடற் புராணம் மறைக்காமல் பாடுகிறது. கூடுதல் முலையைப் பெயர் சொல்லிப் பேசிய மொழி இது.

அக்குள் + முலை, நன்னூல் விதிப்படி ளகரம் ணகரமாகி 'அக்குண்முலை' ஆகும். முள் + முடி, முண்முடி ஆவதைப் போல. அக்குள் என்பதையே நான் அஃகு + உள், அதாவது சுருங்கிய உள்ளிடம் என்று கொள்கிறேன். கக்கத்தைக் 'கக்ஷ' என்ற வடசொல்லின் திரிபாகக் கருதுவதால் விலக்குவேன். என் முடிவு: அக்குண்முலை அகற்றல்.

மடல் 4 – தாதியர் பயிற்றுநர், யாழ்ப்பாணம்

ஐயா, அக்குண்முலை என்றால் வார்ட்டில் ஒருவருக்கும் விளங்காது. எங்கள் பக்கம் பேச்சில் அக்குளைக் கமக்கட்டு என்போம். திசு ஆங்கிலச் சொல்தானே? இலங்கைப் பாடநூல்களில் இழையம் என்று பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறோம். "கமக்கட்டு மேலதிக மார்பக இழையம் அகற்றும் சத்திரசிகிச்சை" என்று எழுதினால் எங்களிடம் யாரும் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள்.

மடல் 5 – தமிழாசிரியர்

இழையத்தை மனமார ஏற்கிறேன். 'சத்திரம்' வடசொல், 'மேலதிக'த்தில் பாதியும் அப்படியே. முலையை விட்டுக்கொடுக்கிறேன், மிகையை விடமாட்டேன்: அக்குள் மிகை மார்பக இழையம்.

மடல் 6 – அறுவை மருத்துவர்

மிகை மார்பகம் என்றால் அளவுக்கு மீறிப் பருத்த மார்பகம் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். அதைக் குறைப்பது வேறு அறுவை. 'கூடுதல்' அந்தக் குழப்பத்தைத் தராது.

வினைச்சொல்லுக்கு வருகிறேன். செய்வது என்ன என்று பார்த்தால் சொல் தானே வரும். நோயாளியை உட்கார வைத்துக் கையை உயர்த்தச் சொல்லி மையால் எல்லை குறிக்கிறோம். படுத்துவிட்டால் திசு நழுவும், எல்லை மாறும். மேசையில் கையை 90 பாகை விரித்து, அக்குள் மடிப்பை ஒட்டியே மீன் வடிவில் தோலைக் கீறுகிறோம். தோலை அதிகம் எடுத்தால் கை தூக்கும்போது தையல் பிரியும், பிறகு தழும்பு இறுகித் தோளைப் பிடிக்கும். குறைவாக எடுத்தால் இரு முனையிலும் தோல் கூம்பி நிற்கும். ஆழத்தில் அக்குள் படலத்தோடு நிறுத்த வேண்டும். அதைத் தாண்டினால் நிணநீர்க் கணுக்களும் மேற்கையின் உட்புறத்துக்கு உணர்வு தரும் விலாவிடைப் புய நரம்பும் கத்திக்கு எட்டும். நரம்பு அறுந்தால் அந்த இடம் மரத்துப் போகும். திசு மிச்சம் வைத்தால் மறுபடி வீங்கும். வடிகுழாய் வைத்திருந்தால் 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்த பின் எடுப்பது வழக்கம். முந்தினால் ஊனீர் (காயத்தில் ஊறும் நீர்) தேங்கும். எடுத்தது முழுவதும் திசுப் பரிசோதனைக்குப் போகும், ஏனென்றால் மார்பகத்தில் வரும் புற்று இதிலும் வரலாம்.

கொழுப்பு மட்டும் என்றால் குழாயால் உறிஞ்சலாம். சுரப்பித் திசு நாராக இறுகியிருக்கும், உறிஞ்ச வராது. ஆகவே தலைப்பில் 'அறுத்து' என்ற சொல் இருக்க வேண்டும். 'நீக்கம்' எதையும் சொல்லவில்லை.

மடல் 7 – கிராமச் செவிலியர்

எங்கள் ஊர்ப் பெண்கள் சொல்வது "கக்கத்துல கட்டி". அக்குள் என்று மட்டும் போட்டால் பலருக்குப் புரியும். சிலருக்கு வாசித்துக் காட்டும்போது கக்கம் என்று நாங்கள் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும். வடசொல்லா தமிழ்ச்சொல்லா என்பதை அவர்கள் கேட்கப் போவதில்லை.

மடல் 8 – மொழிபெயர்ப்பாளர்

இப்படிப் போடுகிறேன்:

தலைப்பு: அக்குளில் (கக்கத்தில்) உள்ள கூடுதல் மார்பகத் திசுவை அறுத்து அகற்றுதல்
அதன் கீழே தடித்த எழுத்தில்: "இந்த அறுவையில் உங்கள் மார்பகம் எடுக்கப்படாது."

இலங்கைப் பதிப்புக்குக் கமக்கட்டு, மேலதிக, இழையம், சத்திரசிகிச்சை.

மடல் 9 – தமிழாசிரியர்

எட்டுச் சொல்லில் ஒரு வாக்கியம் கிடைத்திருக்கிறது, கலைச்சொல் இன்னும் கிடைக்கவில்லை. பாடநூலுக்கும் அகராதிக்கும் வாக்கியம் போதாது. தமிழ்நாட்டுப் படிவத்தில் 'திசு' என்ற சொல் நிற்பதற்கு என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.

மடல் 10 – அறுவை மருத்துவர்

அகராதிக்கு வேறு இழை தொடங்குவோம் ஐயா. படிவத்துக்கு அந்தத் தடித்த வரி போதும். அதை மட்டும் கையெழுத்துக்கு நேர் மேலே வையுங்கள், முதல் பக்கத்தில் வேண்டாம்.