கல்லூரிப் பட்டமளிப்பு விழா: 420 பேர், இரண்டரை மணி நேரம். மேடை ஒழுங்கை எப்படி அமைப்பது?

கேள்வி (தேர்வுப்பிரிவு):
எங்களுடையது பல்கலைக்கழகத்தோடு இணைந்த கலை அறிவியல் கல்லூரி. இளநிலை 350, முதுநிலை 70, ஆக 420 பேர் பட்டம் வாங்குகிறார்கள். அரங்கில் 1,100 இருக்கை. சிறப்பு விருந்தினர் 10 மணிக்கு வந்து 12.30க்குக் கிளம்பியாக வேண்டும். சான்றிதழ் கட்டுகள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்துவிட்டன. ஒருவர் சான்றிதழ் இன்னொருவர் கைக்குப் போகாமல் நேரத்துக்குள் முடிக்க என்ன வழி?

பதில் 1 (மேடைப்பொறுப்பு):
நேரம் போதும் சார். ஆளுக்கு 7 விநாடி வைத்தால் 49 நிமிடம். அதுவே 10 விநாடி ஆனால் 70 நிமிடம். அப்போது விருந்தினர் பேச்சில்தான் கை வைக்க வேண்டிவரும். இடப்பக்கப் படியில் ஏறி வலப்பக்கப் படியில் இறங்கட்டும். படிக்குக் கீழே எப்போதும் ஐந்து பேர் தயாராக நிற்க வேண்டும். விருந்தினருக்கு எதிரே, மாணவர் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் வெள்ளை டேப் ஒட்டிவிடுங்கள். அது இல்லையென்றால் ஒவ்வொருவரும் எங்கே நிற்பது என்று தயங்கியே இரண்டு விநாடி போய்விடும்.

சான்றிதழ் மாறுவது பெரும்பாலும் வராதவர்களால்தான். 37ஆம் எண்காரர் வரவில்லை, அவர் சான்றிதழ் மட்டும் அடுக்கில் இருக்கிறது என்று வையுங்கள். 38ஆம் எண்காரர் கைக்கு 37 போகும்; அங்கிருந்து கடைசி வரைக்கும் எல்லாமே ஒன்று தள்ளிப்போகும். அதனால் மேடையில் கல்லூரிச் சின்னம் போட்ட ஃபைலை மட்டும் கொடுங்கள், உள்ளே ஒரு வாழ்த்துத் தாள் இருந்தால் போதும். அசலை விழா முடிந்ததும் துறைவாரியான கவுண்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். 420 பேருக்கு ஏழு கவுண்டர், கவுண்டருக்கு அறுபது பேர்.

பெயர் வாசிப்புக்கும் பட்டியலை நம்பாதீர்கள். பதிவு மேசையிலேயே வரிசை எண், பெயர், பட்டம் அச்சிட்ட துண்டுச்சீட்டை மாணவர் கையில் கொடுத்துவிடுங்கள். மேடையேறும்போது அவரே அதை வாசிப்பவரிடம் நீட்டுவார். வராதவருக்குச் சீட்டே இருக்காது, அவர் பெயர் வாசிக்கப்படவும் செய்யாது. பெயரைத் தமிழிலும் அச்சிடுங்கள். ஆங்கில எழுத்தில் மட்டும் இருந்தால் கயல்விழி ‘கயல்விலி’ ஆகிவிடுவார், பெற்றோர் முகம் வாடிவிடும்.

பதில் 2 (பழைய பதிவாளர் அலுவலகம்):
சான்றிதழ் கட்டு வந்துவிட்டதென்றால் இன்றே பிரித்துச் சரிபார்க்கத் தொடங்குங்கள். பெயர் எழுத்து, முன்னெழுத்து, பாடப்பிரிவு, தேர்ச்சி பெற்ற மாதம், ஆண்டு எல்லாவற்றையும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழோடும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலோடும் ஒப்பிட வேண்டும். பிழை இருந்தால் பல்கலைக்கழகத்துக்குத் திருப்பி அனுப்பித்தான் வாங்க முடியும். விழா வாரத்தில் கண்டுபிடித்துப் பயனில்லை.

இன்னொன்று, சொற்கள். 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், பிரிவு 22இன்படி பட்டம் அளிக்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்குத்தான். இணைவுக் கல்லூரி முதல்வர் “நான் இப்பட்டத்தை அளிக்கிறேன்” என்று சொல்லக்கூடாது. பல்கலைக்கழகம் அளித்த பட்டத்தின் சான்றிதழை வழங்குகிறோம் என்பதே சரி. அழைப்பிதழ், உறுதிமொழி, முதல்வர் வாசிக்கும் தாள் மூன்றையும் இதை வைத்துப் பாருங்கள்.

தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பரிலிருந்து மாநிலப் பாடல், 55 விநாடி. அதைத் தொடக்கத்திலும் நாட்டுப்பண்ணைக் கடைசியிலும் வையுங்கள். ஊர்வலம் மேடையேறி எல்லோரும் அவரவர் இடத்தில் நின்ற பிறகே பாட ஆரம்பிக்க வேண்டும். பாதி பேர் படியில் நிற்கும்போது பாடுவது மரியாதையாக இருக்காது.

பதில் 3 (அங்கியும் படமும்):
அங்கியை உயரம் கேட்டு ஆர்டர் செய்யுங்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். நீளமாக இருந்தால் படியில் மிதிபடும். இருபது உபரியாக வாங்குங்கள். ஹூடில் (அங்கிக்கு மேல் கழுத்தில் போட்டு முதுகில் தொங்கவிடும் துணி) இருக்கும் கண்ணி சட்டைப் பட்டனில் மாட்டத்தான். சேலை, சுடிதாருக்குப் பட்டன் கிடையாது, அதனால் ஹூடு பின்னால் சரிந்து கழுத்தைப் பிடிக்கும். அங்கி தரும் இடத்திலேயே ஒரு பெட்டி ஊக்கு வைத்துவிடுங்கள்.

படத்துக்கு இரண்டு பேர் வேண்டும். 7 விநாடிக்கு ஒருமுறை அடித்தால் ஃபிளாஷ் சூடேறி மெதுவாகும், பேட்டரியும் தீரும். ஒருவர் மாற்றும்போது இன்னொருவர் எடுக்கட்டும். ஒவ்வொரு துறையும் தொடங்கும் முன் துறைப் பெயர் அட்டையை ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாசித்து முடித்த சீட்டுகளை அதே வரிசையில் கட்டி வைத்தால் எந்தப் படம் யாருடையது என்று பிரிப்பது சுலபம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அசலை மேடையில்தான் தர வேண்டும் என்று நிர்வாகம் பிடிவாதமாகச் சொன்னால்?

பதில் 1 (மேடைப்பொறுப்பு):
அப்படியானால் 9.30க்குப் பதிவை மூடிவிடுங்கள். சீட்டு வாங்காதவர்களின் சான்றிதழை அடுக்கிலிருந்து எடுத்துத் தனி உறையில் போட்டு, மீதியைப் பத்துப் பத்தாகக் கட்டுங்கள். ஒவ்வொரு கட்டின் மேலும் முதல் எண்ணும் கடைசி எண்ணும் எழுதியிருக்க வேண்டும். எங்காவது மாறினாலும் பத்துப் பேரோடு நின்றுவிடும். ஃபைல் எடுத்துக் கொடுப்பவர் மாணவர் சீட்டைப் பார்த்து எண்ணைச் சரிபார்த்த பிறகே விருந்தினர் கையில் தரட்டும். இதற்கு ஆளுக்கு இரண்டு விநாடி கூடும், அதாவது 14 நிமிடம். அதை அறிக்கையிலும் வரவேற்புரையிலும் குறைத்துக்கொள்ளுங்கள். 9.30க்குப் பின் வருபவர் தம் துறை வரிசையின் கடைசியில் சேர்வார். அவருக்கு மட்டும் ஃபைல், அசல் கவுண்டரில்.

பதில் 2 (பழைய பதிவாளர் அலுவலகம்):
எந்த வழியானாலும், சான்றிதழை லேமினேட் செய்ய வேண்டாம் என்று ஃபைலுக்குள் ஒரு சீட்டு வையுங்கள். வெளிநாடு போகிறவர்களுக்குச் சான்றொப்பமும் முத்திரையும் தாளின் மேலேயே போட வேண்டியிருக்கும். லேமினேட் செய்துவிட்டால் பிறகு அலைச்சல்தான்.