ஆற்றங்கரைத் தூளி தைக்க யோசனை சொல்லுங்கள்

வணக்கம். திருவையாறு பக்கம் காவிரிக் கரையில் கட்டிப் படுக்க ஒரு ஹேமக் தைக்கிறேன். குழந்தைக்குச் சேலையில் கட்டும் தூளி மாதிரிதான், ஆனால் தாங்க வேண்டியது 68 கிலோ. தையலுக்கு நான் புதிது. அம்மாவின் பழைய கால் மிஷின்தான் இருக்கிறது.

துணி 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ரிப்ஸ்டாப் நைலான் (கிழிசல் பரவாதபடி கட்டம் கட்டமாக நெய்தது). நீள ஓரங்களை மடித்துத் தைத்தாயிற்று. இரண்டு முனையிலும் பாவாடைக்கு நாடா கோர்ப்பது போல மடிப்பு வைத்துக் கயிறு விட வேண்டும். அங்கேதான் சிக்கல். துணி வழுக்குகிறது, தையல் விட்டு விட்டு விழுகிறது. எடை வந்து இழுக்கும் இடம் என்பதால் பயமாக இருக்கிறது.

நூல் பாலியெஸ்டர்தான், பருத்தி நூல் ஈரத்தில் இற்றுவிடும். மிஷின் ஊசி 16-ஆம் எண். அதை 14 அல்லது 11 ஆக மாற்றினால் சரியாகுமா? முனையில் மூன்று வரிசைத் தையல் போதுமா, அதிகம் ஓட்டினால் ஓட்டை விழுந்து துணி கிழியுமா?

கயிற்றைக் கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்வில் தளர்வாகத்தான் கட்டப்போகிறேன். அப்போது ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ என் எடை அளவுதான் இழுக்கும். விறைப்பாக 10 பாகையில் கட்டினால் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். தென்னைக்கடியில் தேங்காய் விழும் என்று அம்மா தடுத்ததால், புங்க மரங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

அப்புறம், தஞ்சாவூர், கும்பகோணத்தில் தடித்த பாலியெஸ்டர் நூல் எந்த மாதிரிக் கடையில் கிடைக்கும்? தைத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.