சார்ட்டை உண்மையாக நிரப்பிய பிறகுதான் காசு மிச்சமானது

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன மெஷின் ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தேன். வார்ப்பிரும்பு ஹவுசிங்கில் (வெளிக்கூடு) போர், அதாவது உள்துளை, அளவாகக் கடைந்து கொடுக்கிற வேலை. பக்கத்தில் பாடியில் சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் தரத்துக்கு ஜப்பானில் கொடுக்கிற டெமிங் பரிசு வாங்கியது, இந்தியாவில் முதலில் வாங்கியது அவர்கள்தான். எங்கள் முதலாளிக்கும் ஆசை வந்துவிட்டது, எல்லா மெஷினிலும் கன்ட்ரோல் சார்ட் தொங்கியது, அளவு எப்போது விலகுகிறது என்று காட்டுகிற வரைபடம். மணிக்கொரு தடவை 5 பீஸ் அளந்து சராசரிக்குப் புள்ளி வைக்க வேண்டும். நாங்களோ ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் எட்டு மணி நேரத்துப் புள்ளியையும் ஒரே மூச்சில், ஒரே பேனாவில் வைத்துவிடுவோம். ஆடிட்டுக்கு வந்தவர் மையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். சார்ட் அழகு, ரிஜெக்‌ஷன் தொட்டி ரொம்பி வழியும்.

ஒரு மாதம் டெபிட் நோட், அதாவது கெட்ட பீஸுக்கு வாடிக்கையாளர் பிடித்துக்கொள்ளும் காசு, பெரிதாக வந்தது, போதாததற்கு அவர்களுடைய லைனில் நின்று நல்லது கெட்டது பிரிக்க எங்கள் ஆட்கள் இரண்டு பேரை அனுப்ப வேண்டியதாகிவிட்டது. அந்தப் பயத்தில்தான் உள்ளதை உள்ளபடி எழுத ஆரம்பித்தோம். பத்தே நாளில் பார்த்தால், சாப்பாட்டு நேரம் முடிந்து வரும் முதல் புள்ளி மட்டும் தினமும் தனியாக விலகி நிற்கிறது. அரைமணி நேரம் நின்றதில் மெஷின் ஆறிப்போகிறது, அளவு போகிறதே என்று ஆபரேட்டர் ஆஃப்செட் கொடுத்து டூலை நகர்த்துகிறார், சூடேறியதும் அளவு மறுபக்கம் ஓடுகிறது, மறுபடி ஆஃப்செட். பாவம், அவர் அக்கறையாகச் செய்ததுதான் பாதி ஸ்கிராப். ஆட்களை மாற்றி மாற்றிச் சாப்பிட அனுப்பி மெஷினை நிறுத்தாமல் ஓட்டினோம், அவ்வளவுதான், பைசா செலவில்லை. உள்துளை கடைந்த பீஸ் கெட்டால் வார்ப்பு, டூல், கரண்ட், கூலி எல்லாம் சேர்ந்து கிலோ கணக்கில் பழைய இரும்பாகத்தானே போகும், அது நின்றது.

*

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன், நான் திருப்பூர், துணி தைக்கிற கம்பெனி. எங்களுக்கு மைக்ரான் எல்லாம் கிடையாது, துணியில் இருக்கிற ஒவ்வொரு குறைக்கும் பாயிண்ட். குறை 3 அங்குலம் வரை இருந்தால் 1, 9 அங்குலத்தைத் தாண்டினால் 4, பொதுவாக நூறு சதுர கெஜத்துக்கு 40-க்கு மேல் போனால் ரோலைத் திருப்பிவிட வேண்டும். ஷிப்மென்ட் அவசரத்தில் யார் பார்த்தார்கள்? அப்படியே கட்டிங் மேஜைக்கு ஏற்றிவிடுவோம், தைத்து அயர்ன் போட்ட பிறகு நீடில் லைன், அதாவது நிட்டிங் மெஷினில் ஊசி கெட்டதால் துணியில் விழும் நீளக் கோடு, நெஞ்சுக்கு நேராகப் பல்லிளிக்கும். இப்போது ஒவ்வொரு ரோலிலும் நிட்டிங் மெஷின் எண்ணை எழுதி வாங்குகிறோம். எந்த மெஷின் என்று சொல்லிப் போன் போட்டால் அன்றைக்கே ஊசி மாற்றிவிடுகிறார்கள். குறையைச் சரிசெய்கிற ஆல்டர் டேபிளில் நாலு அக்காக்கள் இருந்தார்கள், அதில் இரண்டு பேர் இப்போது தையல் லைனில் இருக்கிறார்கள்.