எதிர்சேவை ராத்திரியும் ஒரு டம்ளர் காபியும்

தல்லாகுளத்துக்காரர்:
பெரியண்ணனுக்கு மூணு மாசமா மனச்சோர்வு. மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு வாரம்தான் ஆகியிருந்துச்சு. மதுரைச் சித்திரைத் திருவிழாவுல அழகரை எதிர்கொண்டு வரவேற்கற எதிர்சேவை அன்னைக்கு வீடு பூரா சொந்தக்காரங்க, கால் நீட்ட இடமில்ல. அண்ணன் திண்ணையிலயே விடிய விடிய உக்காந்திருந்தாரு. அழகர் ஆத்துக்குக் கிளம்பிப் போன பிறகு அண்ணி காபியை நீட்டினாங்க. ஒரு வாய் குடிச்சிட்டு, "சீனி கூடிப் போச்சே"ன்னாரு. மூணு மாசமா எதைக் குடுத்தாலும் ருசி சொல்லாத மனுஷன்! தானே கண்ணாடியைத் தேடி எடுத்துச் சவரம் பண்ணிக்கிட்டாரு. அண்ணி வேண்டுதல் பலிச்சிருச்சுன்னு அழுதுட்டாங்க. மத்தியானம் சாப்பிட்டுட்டு ஒரு மணி நேரம் கண்ணசந்தாரு. எந்திரிச்சா பழைய முகம்.

டாக்டர்கிட்ட சொன்னோம், அவரு ஆச்சரியப்படவே இல்ல. 1971லயே ஜெர்மனியில ஃப்ளூக், டோலேன்னு ரெண்டு பேர் இதைப் பத்தி எழுதியிருக்காங்களாம். ராத்திரி முழுக்க முழிக்க வச்சா ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுநாளே மனசு லேசாகுமாம். ஆனா தூங்கி எந்திரிச்சா அதுல பெரும்பாலானவங்களுக்குச் சோர்வு திரும்பிரும். சில பேருக்குக் குட்டித் தூக்கமே போதும். அதனாலதான் வெளிச்ச சிகிச்சை, லித்தியம் மாத்திரைன்னு எதையாவது சேர்த்துக் குடுத்து, வந்த குணத்தைப் பிடிச்சு வைக்கப் பார்க்கறாங்க.

1992ல அமெரிக்காவுல ஜோசப் வூ குழு இதையே பெட் ஸ்கேன்ல பார்த்திருக்காங்க. கதிரியக்கச் சர்க்கரையை ஊசியில ஏத்தி, மூளையில எந்த இடம் அதைக் கூடுதலா உறிஞ்சுதுன்னு பார்க்கறது. குணம் கண்டவங்களுக்கு, ராத்திரி முழிச்சிருக்கறதுக்கு முன்னாடியே சிங்குலேட்ங்கற பகுதி மத்தவங்களைவிட அதிகமா வேலை செஞ்சிருக்கு. ராத்திரி முழுக்க முழிச்சிருந்த பிறகு அது தணிஞ்சிருக்கு. பெட் ஸ்கேன்னு கேட்டதும் அண்ணிக்குக் கை நடுங்கிருச்சு, நம்ம ஊர்ல அந்தப் பேரு கேன்சருக்குத்தானே வரும். "அது ஆராய்ச்சிக்கும்மா, இவருக்கு மாத்திரையை விடாம குடுங்க"ன்னாரு டாக்டர்.

செல்லூர்க்காரர்:
இதே சமாச்சாரத்தை எங்கயோ கேட்டுட்டு, டாக்டரைக் கேக்காம, தம்பியை நாங்களே ரெண்டு ராத்திரி முழிக்க வச்சோம். முன்னாடி ஒரு தடவை அவன் தலைகால் புரியாம செலவு பண்ணித் திரிஞ்சதை டாக்டர்கிட்ட சொல்லாம விட்டது எங்க தப்பு. அது இருதுருவ நோயாம், மனசு ஒரு சமயம் சோர்வுக்கும் ஒரு சமயம் அளவு மீறின உற்சாகத்துக்கும் போறது. அந்த நோய் இருக்கறவங்களைத் தூங்கவிடாம வச்சா அந்த உற்சாகப் பக்கம் தூக்கி எறிஞ்சிரலாம். மூணாம் நாள் விடியக்காலை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் 40 கிலோ மல்லிகைப்பூ வாங்கிட்டு வந்து இறக்கினான். ஏற்றுமதி பண்ணப் போறானாம். ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு நாங்க திரும்பறதுக்குள்ள பாதிப் பூ விரிஞ்சிருச்சு. மீதியைத் தெருவுக்கே குடுத்தோம்.