பேத்தி கடிதத்தில் மாம்பழம் தெரியவில்லை: டெபியனில் எமோஜிக்கு என்ன செய்ய வேண்டும்?

காரைக்குடிக்காரி கேட்டது:

வணக்கம். அப்பாவுக்கு 81 வயது. பழைய லேப்டாப்பில் டெபியன் 12 என்ற லினக்ஸும், எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான டெஸ்க்டாப்பும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அண்ணன் மகள் விடுதியிலிருந்து வாரம் ஒரு மெயில் எழுதுவாள். அப்பா அதை அப்படியே எடுத்து மவுஸ்பேட் என்ற உரைத்திருத்தியில் ஒட்டி, மேலே தேதி போட்டுச் சேமித்து, மாதக் கடைசியில் பிரின்ட் எடுத்து ஃபைலில் கோப்பார். அவருக்கு அதெல்லாம் கடிதம்தான்.

ஃபயர்ஃபாக்ஸில் எமோஜி எல்லாம் கலரில் தெரிகிறது. மவுஸ்பேடில் ஒட்டினால் சிரிப்பு முகம் மட்டும் கறுப்புக் கோடாக வருகிறது. மாம்பழமும் மயிலும் வெறும் கட்டம், உள்ளே பொடிப்பொடியாக ஆறு எழுத்து. "பிள்ளை இந்த இடத்துல என்னம்மா எழுதிருக்கா?" என்று அப்பா கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நோட்டோ கலர் எமோஜி எழுத்துருவை நிறுவினேன். மாம்பழமும் மயிலும் வந்துவிட்டன. இதயம் மட்டும் கறுப்பாகவே இருந்தது. எங்கோ படித்ததை வைத்து, எந்த எழுத்துருவை முதலில் எடுப்பது என்று தீர்மானிக்கும் ஃபான்ட்கான்ஃபிக் அமைப்பில் எமோஜி எழுத்துருவை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தேன். அதோடு எண்கள் கெட்டுவிட்டன. தேதி, அறை எண், போன் நம்பர் எல்லாமே பல் விழுந்த மாதிரி விட்டுவிட்டு நிற்கின்றன. டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னலில்) பார்த்தால், குடும்ப எமோஜி வைத்த ஃபைல் பெயரில் அப்பா, அம்மா, மகள் தனித்தனியாக நிற்கிறார்கள்.

எமோஜியும் வேண்டும், எண்களும் ஒழுங்காக வேண்டும். என்ன செய்வது?

அச்சுக்கோப்பு பதில்:

அந்த 'முன்னால் வை' விதியை முதலில் எடுத்துவிடுங்கள் அக்கா. எமோஜி எழுத்துருவுக்குள் 0 முதல் 9 வரை எண்களும் இருக்கின்றன. கட்டத்துக்குள் எண் போட்ட எமோஜி இருக்கிறதல்லவா, அது சாதாரண எண்ணுக்குப் பின்னால் இரண்டு குறிகள் சேர்ந்து உருவாவது. அதற்காகத்தான் எண்களை உள்ளே வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துருவை வரிசையில் முதலில் நிறுத்தினால், கணினி எல்லா எண்ணையும் அங்கிருந்தே எடுக்கும்.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் உங்கள் தமிழ் எழுத்துரு, அடுத்து டெஜாவு சான்ஸ் என்ற பொது எழுத்துரு, கடைசியில் எமோஜி. ஃபயர்ஃபாக்ஸை வைத்துச் சோதிக்காதீர்கள். அது தனக்கென்று ஒரு எமோஜி எழுத்துருவைக் கூடவே கொண்டுவருகிறது. உங்கள் கணினியில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அதில் தெரியும்.

வல்லினம் பதில்:

அச்சுக்கோப்பு சொன்னது சரி. இதயத்துக்கு வருகிறேன்.

அந்த இதயம் எமோஜியாகப் பிறந்ததே இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோட் தரத்தில் அதன் எண் 10084. அச்சு அலங்காரக் குறிகளோடு 1990-களின் தொடக்கத்திலேயே உள்ளே வந்துவிட்டது. ஜப்பானிய செல்போன்களின் எமோஜிகள் யூனிகோடுக்கு வந்தது 2010-இல், 6.0 பதிப்பில். அதனால் இந்த இதயத்துக்கு இயல்பான உருவம் கறுப்புதான். அதற்குப் பின்னால் 65039 என்ற கண்ணுக்குத் தெரியாத குறி வந்தால்தான் 'கலரில் காட்டு' என்று பொருள். உங்கள் கடிதத்தில் அந்தக் குறி இருக்காது, அல்லது வழியில் உதிர்ந்திருக்கும். டெஜாவுவில் இந்த இதயம் இருப்பதால் கணினி அதையே காட்டுகிறது. முதலில் நீங்கள் பார்த்த கோட்டு முகமும் டெஜாவுவிலிருந்து வந்ததுதான். மாம்பழமும் மயிலும் 2018-இல் சேர்ந்தவை. அவை அதில் இல்லாததால் கட்டம் வந்தது.

குடும்ப எமோஜி ஒரே எழுத்து இல்லை. அப்பா, ஒட்டுக்குறி, அம்மா, ஒட்டுக்குறி, மகள் என ஐந்து. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 18 பைட். மவுஸ்பேடில் ஹார்ஃப்பஸ் என்ற நிரல்தொகுப்பு இந்த ஐந்தையும் பார்த்து எழுத்துருவிலிருந்து ஒரே படத்தை எடுத்துத் தருகிறது. 'க'வுக்குப் பின்னால் ஒகரக் குறி வந்தால் கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் பிரித்து 'கொ' என்று வைப்பதும் இதே ஹார்ஃப்பஸ்தான். டெர்மினல் கட்டம் கட்டமாக எழுதும் இடம், இந்தச் சேர்க்கை வேலையை முழுசாகச் செய்வதில்லை. அங்கே உங்கள் தமிழ் ஃபைல் பெயர்களையும் கவனித்துப் பாருங்கள், கொம்பும் காலும் தடுமாறும். எமோஜியைப் படம் என்று நினைப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: அது எழுத்து. நம் எழுத்துக்குத் தேவைப்படும் அதே கவனம் அதற்கும் வேண்டும்.

ஏட்டுக்கணக்கு பதில்:

வல்லினம் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் பழைய நிலக்கணக்குகளைத் தட்டச்சு செய்கிறவன். முந்திரி, காணி, மா போன்ற பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோட் 12.0-இல் 'தமிழ் சப்ளிமென்ட்' என்ற பெயரில் வந்தன, மற்ற அளவைக் குறிகளோடு சேர்த்து மொத்தம் 51. முதல் குறி முந்திரி, அதாவது 320-இல் ஒரு பங்கு. அதன் எண் 73664.

நம் வழக்கமான தமிழ் எழுத்துகள் 2944-க்கும் 3071-க்கும் இடையில் இருக்கின்றன. பல பழைய மென்பொருள்கள் 65535-க்கு மேல் எழுத்தே வராது என்று நம்பி எழுதப்பட்டவை. மைசீக்வல் என்ற தரவுத்தள மென்பொருளின் பழைய 'யுடிஎஃப்8' அமைப்பு ஓர் எழுத்துக்கு 3 பைட்டுக்கு மேல் கொள்ளாது. சிரிப்பு முகத்துக்கும் 4 பைட், முந்திரிக்கும் 4 பைட். முந்திரிக்காக மட்டும் யாரும் அதையெல்லாம் திருத்தியிருக்க மாட்டார்கள். சிரிப்பு முகத்துக்காகத் திருத்தினார்கள், அந்த வழியிலேயே நம் குறிகளும் உள்ளே வந்தன. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. இவற்றைப் பார்க்க நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் எழுத்துரு வேண்டும்.

காரைக்குடிக்காரி:

மூவருக்கும் நன்றி. விதியை எடுத்துவிட்டு வரிசையை மாற்றினேன். எண்கள் நெருங்கி உட்கார்ந்துவிட்டன. பழைய கடிதங்களில் கட்டமாக அச்சான நாலு பக்கத்தையும் மறுபடி பிரின்ட் எடுத்துக் கோத்தாயிற்று.

இதயத்தை நான் மாற்றவில்லை. அப்பாதான் வேண்டாம் என்றார், பேனா மையால் போட்ட மாதிரி இருக்கிறதாம். காணி, மா பற்றிச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்து, தாத்தா காலத்து நோட்டைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார். ஏட்டுக்கணக்கு அண்ணே, அந்தக் குறிகளை எந்த விசைப்பலகையில் அடிக்கிறீர்கள்?