நோட்டீஸ் இல்லாம வெளிய அனுப்பறது காண்ட்ராக்ட் பசங்கள மட்டும்தானா?

பீன்யா டர்னர்: பெங்களூரு பீன்யால நான் வேலை பாக்குற ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில ஆர்டர் இல்லன்னு நைட் ஷிஃப்ட்ட எடுத்துட்டாங்க. பெர்மனன்ட் ஆளுங்க மேல கைய வைக்கல. ஆனா அதே சிஎன்சி மெஷின்ல அதே வேலைய பாத்த காண்ட்ராக்ட் பசங்கள நாளைலேர்ந்து வரவேணாம்னு காண்ட்ராக்டர் போன்லயே சொல்லிட்டான், எல்லாம் தர்மபுரி, திருவண்ணாமலை பக்கத்து பசங்க, லக்கெரேல ரூம் எடுத்து தங்கியிருக்காங்க, வாடகைக்கு எங்க போவாங்க?

ஜாப் ஒர்க் சேகர்: வருத்தம்தான் ப்ரோ. ஆனா ஓனர் என்ன பண்ணுவான்? 2019 மந்தத்துல பாத்தோமே, 2018ல ஐஎல்எஃப்எஸ்ங்கற பெரிய பைனான்ஸ் குரூப் விழுந்து மத்த பைனான்ஸ் கம்பெனிங்க லோன் குடுக்கறத குறைச்சாங்க, 2020 ஏப்ரல்ல பிஎஸ்6னு வண்டி புகைக்கு புது விதி வருதுன்னு வேற, வண்டியெல்லாம் டீலர் யார்டுலயே நின்னுச்சு. மெஷின் ஓடலன்னாலும் பேங்க் டியூ கட்டணும். 100 பேர் இருந்தா மூடறதுக்கு சர்க்கார் பர்மிஷன் வாங்கணும்னு சட்டம் போட்டதாலதான் எல்லாரும் காண்ட்ராக்ட் பக்கம் போனாங்க.

பீன்யா டர்னர்: சரிண்ணா, 2025 நவம்பர் 21லேர்ந்து புது தொழிலாளர் சட்டத்துல (லேபர் கோட்) அந்த 100 பேர் கணக்கு 300 ஆயிடுச்சே, யாராச்சும் காண்ட்ராக்ட் பசங்கள பெர்மனன்ட் பண்ணாங்களா? ஆள் குறைச்சா ஒரு மாச நோட்டீஸ், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம்னு 1947 தொழில் தகராறு சட்டத்துலயே இருந்துச்சு, ஆனா ஒரு வருஷத்துல 240 நாள் வேலை பாத்திருக்கணும். அந்த 240 நாள் ஆகறதுக்குள்ள வேலைய நிறுத்தி ப்ரேக் குடுத்துடுவாங்க, திரும்ப புது ஆளா எடுப்பாங்க. எனக்கு பொறுக்காதது இதுதான். மந்தம் வந்தா கஷ்டம் எல்லாருக்கும்னு சொல்றீங்க, கணக்குலயே வராதவன் தலையிலதான முதல்ல விழுது?

ஜாலஹள்ளி ஆளு: தம்பி சொல்றது சரி. 2016ல அரசோட வாட்ச் கம்பெனி எச்எம்டி வாட்சஸ மூட மத்திய அரசு முடிவெடுத்தப்போ ரோல்ல இருந்தவங்களுக்கு விஆர்எஸ்னு, பணம் வாங்கிட்டு தானா விலகுற திட்டம் ஒண்ணு இருந்துச்சு. இந்த பசங்களுக்கு என்ன இருக்கு? காண்ட்ராக்டர் சம்பள பாக்கி வச்சிருந்தா கம்பெனிதான் குடுக்கணும், 1970 காண்ட்ராக்ட் லேபர் சட்டத்துலேர்ந்தே அப்படித்தான், விடாம கேளுங்க. ரெண்டு வருஷம் ஈஎஸ்ஐ கட்டியிருந்தா வேலை போனவங்களுக்கு 90 நாள் வரைக்கும் பாதி சம்பளம் தர்ற ஸ்கீம் இருக்கு, ஈஎஸ்ஐ ஆபீஸ்ல போய் விசாரிக்க சொல்லுங்க.

ஜாப் ஒர்க் சேகர்: பாக்கிய குடுக்கணும், அதுல ரெண்டு பேச்சே இல்ல சார். ஆனா என்ன மாதிரி சின்ன யூனிட்டுக்கு 45 நாள்ல பில் பணத்த குடுக்கணும்னு 2006லயே சட்டம் இருக்கு, எனக்கு நாலு மாசமா ஒரு பெரிய கம்பெனி இழுக்குது. அவன் குடுக்காம நான் எங்கேர்ந்து நோட்டீஸ் பே குடுக்கறது?

பீன்யா டர்னர்: அப்போ அவன்கிட்ட சண்டை போடுங்கண்ணா, நாங்களும் கூட வர்றோம். ரூம் வாடகைக்கு நிக்கிற பையன்கிட்ட ஏன் காச பிடிக்கிறீங்க?