பழைய புல்லட் ப்ரைமரி கேஸில் ஆயில் ஒழுகல்: ரப்பரும் மாற்றியாச்சு, சிலிக்கானும் போட்டாச்சு, நிற்கவில்லை

உறையூர்_350

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1984 புல்லட் 350. அப்பா ஓட்டிய வண்டி. வலது கால் கியர், இடது கால் பிரேக், வார்ப்பிரும்பு பேரல். இடது பக்கம் ப்ரைமரி செயின் கேஸின் (எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயின் இருக்கும் பெட்டி) அடியில் ஆயில் சொட்டுகிறது. காலையில் பார்த்தால் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. பக்கத்துப் பட்டறையில் ரப்பர் ரிங்கை மாற்றி, சுற்றிலும் சிலிக்கான் தடவி, நடு நட்டை நீள ஸ்பானர் போட்டு இறுக்கிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் நின்றது, அப்புறம் பழையபடிதான். சைடு ஸ்டாண்டில் போட்டால் அதிகம், நடு ஸ்டாண்டில் குறைவு. "புல்லட்னா ஒழுகத்தான் செய்யும்" என்கிறார்கள். எனக்கு அப்படி விட மனசில்லை. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

வடசென்னை_வார்ப்பு

விடாதீர்கள் தம்பி. ஒழுகாத பழைய புல்லட் நிறைய இருக்கிறது.

முதலில் அந்த நடு நட்டு. பிஎஸ்ஏ, டிரையம்ஃப் வண்டிகளில் வெளிமூடியைச் சுற்றி வரிசையாக ஸ்க்ரூ இருக்கும். புல்லட்டில் மொத்த மூடியையும் பிடிப்பது ஒரே நட்டு. நார்ட்டன் கமாண்டோவிலும் இதே ஏற்பாடுதான். ஆயிலைத் தடுக்க வேண்டியது ஓரத்து ரப்பர், நட்டின் வேலை மூடியை அதன்மேல் உட்கார வைப்பது மட்டுமே. ஒழுகுகிறதே என்று மேலும் மேலும் இறுக்கினால் அலுமினிய மூடி நடுவில் குழிந்து ஓரம் வளைந்துவிடும். அப்புறம் எந்த ரப்பர் போட்டாலும் நிற்காது.

இடது ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல் இரண்டையும் கழற்றி மூடியை எடுங்கள். ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பவே கூடாது. மர சுத்தியலால் ஓரத்தில் லேசாகத் தட்டினாலே வந்துவிடும். சிலிக்கான் முழுவதையும் சுரண்டி எடுங்கள். தடிமனான கண்ணாடிமேல் மூடியைக் கவிழ்த்து ஓரத்தை விரலால் தட்டுங்கள். டக் டக் என்று ஆடினால் வளைந்திருக்கிறது. கண்ணாடியில் எமரி தாளை ஒட்டி, ஓரம் முழுக்க ஒரே பளபளப்பு வரும்வரை மெதுவாகத் தேய்க்கலாம். ரப்பரை இழுக்காமல் உட்கார வையுங்கள். ரப்பர் இடத்தில் நிற்கவில்லை என்றால் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், சிலிக்கான் வேண்டாம். நடு நட்டுக்கு அடியில் புது வாஷர் போடுங்கள், அந்த நட்டு ஏறும் ஸ்டட் வழியாகவும் ஆயில் வரும்.

கோவை_ஆல்பியன்

அண்ணன் சொன்னது சரி. ஆனால் மூடியைக் கழற்றும் முன் ஒழுகுவது எந்த ஆயில் என்று தெரிய வேண்டும். அந்த இடத்தில் மூன்று சேர்கின்றன: எஞ்சின் ஆயில், ப்ரைமரி ஆயில், கியர்பாக்ஸில் இருப்பது. உங்கள் வண்டியில் இருக்கும் பழைய ஆல்பியன் கியர்பாக்ஸ் கிரீஸுக்காகச் செய்தது. அதில் வெறும் கியர் ஆயில் ஊற்றியிருந்தால் ஸ்ப்ராக்கெட் பக்கம் கசிந்து, ப்ரைமரி ஒழுகுவது போலவே கீழே வந்து சொட்டும். மோந்து பாருங்கள், கியர் ஆயிலுக்குக் கந்தக நெடி இருக்கும்.

ப்ரைமரியில் சிவப்பு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளுக்கான ஆயில்) ஊற்றுங்கள், கிளட்சுக்கும் நல்லது. அப்புறம் அந்தப் பக்கம் முழுவதையும் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவித் துடைத்து, காய்ந்தபின் முகப்பவுடரைத் தூவி ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். ஈரக் கோடு எந்த உயரத்தில் தொடங்குகிறதோ அங்கேதான் கோளாறு. சொட்டும் இடத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், ஆயில் கேஸின் அடிவழியாக ஊர்ந்து தாழ்வான இடத்தில்தான் விழும்.

இன்னொன்று: எஞ்சின் ஆயில் குறைகிறதா? அதைச் சொல்லவில்லையே.

உறையூர்_350

நன்றி அண்ணே. மூடியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன், முன்பக்கம் ஆடியது. தேய்த்துச் சமமாக்கி, புது ரப்பர் போட்டு ஏடிஎஃப் ஊற்றினேன். பவுடரில் இப்போது ஓரம் சுத்தமாக இருக்கிறது. ஈரம் பின்பக்கம், ஒயர் வெளியே வரும் இடத்தில்.

ஆனால் ஒன்று புரியவில்லை. நடு ஸ்டாண்டில் நிறுத்தி லெவல் ஸ்க்ரூவைக் கழற்றினால் ஆயில் கொட்டுகிறது. சரியான அளவுக்குத்தான் ஊற்றினேன். சிவப்பாக ஊற்றியது இப்போது பழுப்பாக வருகிறது. ஆமாம், எஞ்சின் டிப் ஸ்டிக்கில் ஆயில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. புகை இல்லாததால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேடு ஏறும்போது கிளட்சும் லேசாக வழுக்குகிறது.

கோவை_ஆல்பியன்

விடை கிடைத்துவிட்டது. ஒழுகும் இடத்திலேயே குறை கிடையாது, கேஸ் நிரம்பி வழிகிறது. எஞ்சின் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் கிராங்க் தண்டு வெளிவரும் இடத்தில் இருக்கும் ஆயில் சீலை (தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம்) தாண்டி எஞ்சின் ஆயில் ப்ரைமரிக்கு வருகிறது. ஒயர் வாய் உயரத்தை எட்டியதும் அந்த வழியாக வெளியே போகிறது. வெளியே எதை அடைத்தாலும் அடுத்த இடத்தில் வரும். பட்டறையில் போட்ட சிலிக்கான் தோற்றதும் இதனால்தான்.

சீலை மாற்றுங்கள். ஆனால் அதற்கு முன் ப்ரீத்தரை, அதாவது எஞ்சினுக்குள் இருக்கும் காற்று வெளியேறும் குழாயைப் பாருங்கள். பிஸ்டன் இறங்கும்போது கிராங்க்கேஸ் காற்று வெளியேற வழியில்லை என்றால் அந்த அழுத்தம் பலவீனமான சீலைத் தள்ளும். குழாய் மடிந்திருக்கிறதா, உள்ளே கசடா, ஒருவழி ரப்பர் வால்வு இருந்தால் அது விறைத்துப்போயிருக்கிறதா என்று பாருங்கள்.

நாள்கணக்கில் நிறுத்திவிட்டு எடுக்கும்போது மட்டும் புகை தள்ளி, ப்ரீத்தர் வழியாக ஆயில் கக்கினால் அது வேறு: ஆயில் டேங்கிலிருந்து ஆயில் பம்பு வழியாக எஞ்சின் அடியில் இறங்கித் தேங்குவது. உங்களுக்குப் புகை இல்லை, அதனால் இப்போதைக்கு பம்பைத் தொட வேண்டாம்.

மானாமதுரை_மெக்கானிக்

சீல் வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ப்ரைமரி செயினுக்கு இணைப்பு லிங்க் கிடையாது, அதனால் எஞ்சின் ஸ்ப்ராக்கெட், செயின், கிளட்ச் மூன்றையும் சேர்த்தே வெளியே இழுக்க வேண்டும். புல்லர் வைத்து எடுங்கள், சுத்தியல் அடி கிராங்குக்குப் போகும். உள்கேஸைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களின் பூட்டு வாஷர், பின்னால் உள்ள கேஸ்கெட் இரண்டும் புதிதாக வாங்குங்கள். சீலின் ஸ்பிரிங் தெரியும் பக்கம் எஞ்சினைப் பார்க்க வேண்டும். சீல் உதடு உரசும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள் தம்பி. நகம் இடறினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது, புது சீலும் கசியும்.

உள்கேஸைத் திரும்ப மாட்டும்போது கையால் அழுத்தினாலே அது கிராங்க்கேஸ் முகத்தில் ஒட்ட வேண்டும். நடு ஸ்டட்டில் இடைவெளி இருந்தால் வாஷர் வைத்துச் சரிசெய்யுங்கள். அப்படியே முறுக்கினால் கேஸ் கோணும்.

ஒயர் ரப்பரையும் மாற்றிவிடுங்கள். ஒயர்களைச் சுற்றிய உறைக்குள்ளேயே ஆயில் ஊறி வெளியே வரும், அதனால் ரப்பருக்கு உள்பக்கம் ஒவ்வொரு ஒயரையும் தனித்தனியாகப் பிரித்து நன்றாகத் துடைத்துவிட்டு சிலிக்கான் வையுங்கள். சிலிக்கானுக்கு இந்த வண்டியில் வேலை இருக்கும் இடம் இது.

உறையூர்_350

முடிந்தது. ப்ரீத்தர் குழாய் பேட்டரி பெட்டிக்குப் பின்னால் நசுங்கிக் கிடந்தது, வாயால் ஊதினாலே காற்று போகவில்லை. சீல் கல்லாக விறைத்திருந்தது. உரசும் இடத்தில் பள்ளம் இல்லை. ப்ரைமரி ஆயில் இப்போது சிவப்பாகவே இருக்கிறது, லெவலும் ஏறவில்லை, கிளட்சும் பிடிக்கிறது. தரையில் விரித்த நியூஸ்பேப்பர் காய்ந்தே கிடக்கிறது.

கடைசியாக ஒரு சந்தேகம்: செயின் எவ்வளவு தொய்வு இருக்கலாம்?

மானாமதுரை_மெக்கானிக்

நடுவில் மேலும் கீழும் சுமார் 6 மில்லிமீட்டர். தேய்ந்த செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது, எஞ்சினைச் சுழற்றிப் பார்த்து, செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தில் வைத்து அளக்கவும். ரொம்பத் தொய்ந்தால் கேஸ் சுவரை அறுக்கும்.